திரும்பத் திரும்பக் கேட்க எது: டிஸ்ஸி ராஸ்கலா, தி ஸ்ட்ரீட்ஸா?

லண்டனில் கராஜ் என்ற நடன இசை ஒலித்த கிளப்களிலும் உரிமம் இல்லாமல் ஒலிபரப்பான திருட்டு வானொலிகளிலும் ஒரு பழக்கம் வேரூன்றியிருந்தது. டிஜே ஒரு புது இசைத்தட்டைப் போடுவார். முதல் சில விநாடிகளிலேயே கூட்டம் ஆர்ப்பரித்தால் பாட்டை மேலே ஓடவிட மாட்டார். தட்டைக் கையால் பின்னுக்கு இழுத்து மறுபடி தொடக்கத்திலிருந்து போடுவார். இதற்கு ரீலோட் என்று பெயர், ரீவைண்ட் என்றும் சொல்வார்கள். நல்ல பாட்டு ஒரே இரவில் மூன்று நான்கு முறை முதல் வரிக்குத் திரும்பும். உடனே மறுபடி கேட்க வேண்டும் என்று தோன்றவைப்பதுதான் அங்கே ஒரு பாட்டுக்கான பரீட்சை.

அந்தச் சூழலில் வளர்ந்த இரண்டு ஆல்பங்கள் ஓராண்டு இடைவெளிக்குள் வந்தன. 2003 ஜூலையில் ராப்பர் டிஸ்ஸி ராஸ்கலின் 'பாய் இன் டா கார்னர்'. 2004 மே மாதம் மைக் ஸ்கின்னர், தி ஸ்ட்ரீட்ஸ் என்ற பெயரில் வெளியிட்ட 'எ கிராண்ட் டோன்ட் கம் ஃபார் ஃப்ரீ'. முன்னது, ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்குப் பிரிட்டனில் தரப்படும் மெர்குரி பரிசை அந்த ஆண்டு வென்றது. பின்னது மறு ஆண்டு அதே பரிசின் இறுதிப் பட்டியல் வரை வந்தது. பிரிட்டிஷ் ஆல்பம் பட்டியலில் முதலிடத்தையும் பிடித்தது. பிரிட்டிஷ் ராப் பற்றிப் பேச்செடுத்தால் இந்த இரண்டையும் ஒன்றோடொன்று நிறுத்திப் பார்க்காமல் யாரும் விடுவதில்லை. ஆனால் எது பெரிய ஆல்பம் என்பதும், எது பல வருடம் கேட்டாலும் தீராது என்பதும் ஒரே கேள்வி அல்ல. இங்கே எடுத்துக்கொள்வது இரண்டாவது கேள்வியை.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ரீட்ஸ் ஆல்பம் இரண்டாவது முறை கேட்கும்போது உச்சத்தைத் தொடுகிறது. அந்த இரண்டாவது முறையின் சுகத்தை வேறெந்த பிரிட்டிஷ் ராப் ஆல்பமும் தருவதில்லை. ஆனால் அதற்குப் பிறகு மெல்லச் சமன்பட்டுவிடுகிறது. டிஸ்ஸியின் ஆல்பம் முதல் முறை முரண்டு பிடிக்கும், பலருக்கு எரிச்சலூட்டும். ஐந்தாவது, ஆறாவது முறையில்தான் வழிவிடத் தொடங்கும். அதன் பிறகு மூடுவதே இல்லை. ஏன் இப்படி என்பதை இரண்டின் கட்டுமானத்திலேயே பார்க்கலாம்.

ஸ்கின்னர் லண்டனில் பிறந்து பர்மிங்காமில் வளர்ந்தவர். 2002இல் வந்த முதல் ஆல்பம் 'ஒரிஜினல் பைரேட் மெட்டீரியல்' தனித்தனிப் பாடல்களின் தொகுப்பு. இரண்டாவதில் அவர் செய்தது வேறு: 11 பாடல்களில் ஒரே கதை. ஒரு இளைஞன் சேர்த்துவைத்த 1,000 பவுண்டு காணாமல் போகிறது. 'கிராண்ட்' என்பது அந்த ஆயிரம்தான். அதே நேரத்தில் அவனுக்கும் சிமோன் என்ற பெண்ணுக்கும் காதல் அரும்பி, கூடி வாழ்ந்து, சண்டையிட்டு முறிகிறது. பணம் எங்கே போனது என்ற கேள்வி கடைசிப் பாட்டு வரை தொங்குகிறது. (கதையின் முடிவை இனி வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது. ஆல்பத்தை இதுவரை கேட்காதவர்கள் முதலில் கேட்டுவிட்டு வருவது நல்லது. 50 நிமிடத்துக்குச் சற்று மேல்தான்.)

முதல் பாட்டு 'இட் வாஸ் சப்போஸ்ட் டு பி ஸோ ஈஸி'. வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவனுக்கு நாலு சின்ன வேலைகள்: வாடகைக்கு எடுத்த டிவிடியைத் திருப்பித் தருவது, ஏடிஎம்மில் பணம் எடுப்பது, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வரமாட்டேன் என்று அம்மாவுக்கு போன் போடுவது, பிறகு சேமிப்புப் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடுவது. கடைக்குப் போய்த் திறந்தால் டிவிடி உறை காலி. கணக்கில் பணம் இல்லை. அம்மாவிடம் பேசும்போது போன் பேட்டரி தீர்ந்துவிடுகிறது. வீடு திரும்பினால் ஆயிரத்தைக் காணோம். ஒன்றுமே நடக்காத ஒரு பகலை இவ்வளவு பரபரப்பாகச் சொன்ன பாட்டு குறைவு. முதல் முறை கேட்பவர் சிரித்துக்கொண்டே கடந்துவிடுவார். முடிவு தெரிந்த பிறகு கேட்டால் இதே பாட்டில் எல்லாம் விதைக்கப்பட்டிருப்பது தெரியும். பொருள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, ஆனால் தொலையவும் இல்லை என்பதை அந்தக் காலி உறையே சொல்லிவிடுகிறது. தட்டு வீட்டிலேதான் கிடக்கிறது. பணமும் அப்படித்தான், டிவியின் பின்பக்கம் விழுந்து கிடக்கிறது. கடைசிப் பாட்டில்தான் அது வெளியே வருகிறது.

போனும் அப்படி ஒரு விதை. முதல் பாட்டில் பேட்டரி சாகிறது. 'பிளைண்டட் பை தி லைட்ஸ்' பாட்டில் கிளப்புக்குள் சிக்னல் இல்லை. அவன் சிமோனுக்கும் நண்பன் டானுக்கும் காத்திருக்கிறான். மாத்திரை ஏறத் தொடங்கும் நேரத்தில் அவர்கள் இருவரையும் நெருக்கமாகப் பார்த்தது போல இருக்கிறது. போதை அதற்கு மேல் யோசிக்கவிடுவதில்லை. முதல் முறை கேட்பவரையும் அந்த மினுங்கும் சிந்தசைசர் அலை இழுத்துக்கொண்டு போய்விடும், அவனைப் போலவே அவரும் அதைத் தவறவிடுவார். இரண்டாவது முறை அந்த ஒரு வரி நெஞ்சில் குத்தும். துப்பு கேட்பவரின் காதருகிலேயே இருக்கிறது, ஆனால் கேட்பவருக்குள்ளும் ஒரு மயக்கத்தை உண்டாக்கி அதை மறைத்துவிடுகிறார் ஸ்கின்னர். கதை சொல்வதில் இது அசாதாரணக் கைத்திறன்.

கடைசிப் பாட்டு 'எம்ப்டி கேன்ஸ்' எட்டு நிமிடத்துக்கு நீள்கிறது. அதற்கு இரண்டு முடிவுகள். முதல் பாதியில் அவன் யாரையும் நம்பாமல் அறைக்குள் குடித்துக்கொண்டு கிடக்கிறான். நண்பனின் உதவியை உதறுகிறான். டிவி பழுது பார்க்க வந்தவனோடு கைகலப்பு. பிறகு நாடா பின்னோக்கி ஓடும் சத்தம். மறுபடி அதே தொடக்க வரிகள். இந்த முறை உதவியை ஏற்றுக்கொள்கிறான், டிவியைக் கழற்றிப் பார்க்க, பணம் கிடைக்கிறது. கராஜ் டிஜேக்களின் ரீவைண்டைக் கதைக்கான கருவியாக மாற்றிய இடம் இது என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். பின்னணி பியானோவுக்கு மாறும்போது குரலிலும் இறுக்கம் தளர்கிறது.

இவ்வளவு நுட்பம் இருந்தும் ஏன் மூன்றாவது, நான்காவது முறைக்குப் பிறகு அலை தணிகிறது? காரணம் பீட்டில் இருக்கிறது. இந்த ஆல்பத்தில் பின்னணி இசை கதைக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறது. ஒரு லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் இசைத்துண்டு, தொடங்கினால் பெரும்பாலும் பாட்டு முடியும்வரை அதுவே. ஸ்கின்னர் பாடுவதில்லை, பேசுகிறார். வரிகள் தாளக்கட்டுக்கு வெளியே வழிந்து அடுத்த சுற்றுக்குள் நுழைகின்றன. வாக்கியம்தான் அவருக்கு முக்கியம், தாளம் அதைத் தாங்கும் மேசை மட்டும். வாக்கியத்தின் தகவலை முழுதும் எடுத்துக்கொண்டுவிட்டால் மீதி இருப்பது குறைவு. 'நாட் அடிக்டட்', 'சச் எ ட்வாட்' போன்றவை கதையை நகர்த்தவே பிறந்த பாடல்கள். தனியாக எடுத்துப் போட்டுக் கேட்க யாருக்கும் தோன்றாது. தப்பிப்பவை மூன்று: 'பிளைண்டட் பை தி லைட்ஸ்', 'எம்ப்டி கேன்ஸ்', சிமோனே வாய் திறந்து பதில் சொல்லும் 'கெட் அவுட் ஆஃப் மை ஹவுஸ்'. மூன்றாவதில் சீ-மோன் என்ற பெண் ராப்பர் பேசும்போதுதான், இதுவரை கேட்டதெல்லாம் ஒருதலைப்பட்சமான சாட்சியம் என்று உறைக்கிறது. 'டிரை யுவர் ஐஸ்' பிரிட்டனில் முதலிடத்துக்குப் போன பாட்டு, கல் நெஞ்சையும் கரைக்கும். ஆனால் அதன் உணர்ச்சி முழுவதும் மேற்பரப்பிலேயே இருக்கிறது.

இனி டிஸ்ஸி. கிழக்கு லண்டன் போ பகுதியின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வளர்ந்தவர். பள்ளியின் இசை அறைக் கணினியில் பீட் செய்யப் பழகினார், திருட்டு வானொலிகளில் எம்சியாக, அதாவது டிஜே போடும் இசைக்கு மேல் ராப் செய்பவராக, கூர்தீட்டிக்கொண்டார். இருபது வயது நிரம்பும் முன்பே இந்த ஆல்பம் வந்துவிட்டது. பெரும்பாலான பீட்களும் அவருடையவைதான். வெளியிட்டது எக்ஸ்எல் ரெக்கார்டிங்ஸ். ஈழத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2005இல் 'அருளர்' ஆல்பத்தைக் கொண்டுவந்ததும் இதே நிறுவனத்தின் வழியாகத்தான்.

டிஸ்ஸியின் இசைவகைக்கு கிரைம் என்று பெயர் நிலைத்தது. குற்றம் என்ற பொருளில் அல்ல, அழுக்கு என்ற பொருளில். வேகம் நிமிடத்துக்கு 140 தாளத் தட்டுகளை ஒட்டி இருக்கும். நான்கு தட்டு ஒரு பார். அப்படியானால் ஒரு பார் ஏறக்குறைய 1.7 விநாடி, எட்டு பார் 14 விநாடிக்குச் சற்றுக் குறைவு, பதினாறு பார் 27 விநாடி. எம்சிக்குக் கிடைக்கும் இடம் இவ்வளவுதான். அந்த எட்டு பாருக்குள் கூட்டத்தைக் கத்தவைத்தால் ரீலோட், இல்லாவிட்டால் மைக் அடுத்தவர் கைக்குப் போய்விடும். ஒவ்வொரு தட்டையும் நான்காகப் பிரித்து ஒவ்வொன்றிலும் ஓர் அசையை வைத்தால் விநாடிக்கு ஒன்பது அசைகளுக்கு மேல் வரும். இந்த வேகத்தில் சொன்னதை ஒரே முறையில் யாராலும் முழுசாகப் பிடிக்க முடியாது. ரீலோடுக்காகவே உருவான மொழி இது. திரும்பக் கேட்டாக வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் எழுதப்பட்டிருக்கிறது.

ஆனால் வேகம் மட்டும் காரணம் அல்ல. பீட்டுக்குள் இருக்கும் காலியிடம்தான் முக்கியம். 140இல் ஓடும் கிரைம் பீட்டில் டிரம்களைப் பாதி வேகத்தில், 70 என்றும் எண்ணலாம். காலால் 70க்குத் தாளம் போட்டுக்கொண்டு கேட்டால் பாட்டு கனமாக, சோம்பலாக நகரும். 140க்கு மாற்றிப் போட்டால் அதே பாட்டு பதற்றத்தில் துடிக்கும். டிஸ்ஸி இந்த இரண்டு வேகங்களுக்கும் நடுவில் தாவிக்கொண்டே இருக்கிறார்: ஒரு வரியை இழுத்துப் போடுவார், அடுத்ததை நெருக்கி அடைப்பார், நடுவில் கிறீச்சிட்டு நிறுத்துவார். எந்த வேகத்தைப் பிடித்துக்கொண்டு கேட்கிறோமோ அதற்கேற்ப அவர் முந்துவதாகவோ பிந்துவதாகவோ தோன்றும். ஒரே பாட்டு இரண்டு விதமாகக் கேட்பது இதனால்தான்.

'ஐ லவ் யூ' பாட்டை அருகில் வைத்துப் பார்க்கலாம். 2002இலேயே வெள்ளை லேபிள் தட்டாக, அதாவது பெயர் அச்சிடாத இசைத்தட்டாக, சுற்றிய பாட்டு இது. ஒரு பெண் குரல் 'ஐ லவ் யூ' என்று சொன்னதைத் துண்டாக வெட்டி, இயந்திரம் போலத் திரும்பத் திரும்ப ஒட்டியிருக்கிறார். அன்பின் வாசகம் மிரட்டலாக மாறிவிடுகிறது. கீழே சிதைந்த கிக் டிரம்மே பேஸாகவும், அதாவது தாழ்ந்த அடி ஒலியாகவும், வேலை செய்கிறது. மெட்டு என்று சொல்ல மேலே ஒன்றும் இல்லை. முதல் முறை காதில் விழுவது வசைமொழி மட்டும்: அந்தப் பெண் அப்படிப்பட்டவள் என்று ஒருவன் திட்டுகிறான். மூன்றாவது நான்காவது முறையில் அமைப்பு புலப்படும். பிற்பகுதியில் ஒரு பெண் எம்சி வந்து, அவன் சொன்ன அதே வாக்கியத்தை அதே தாளத்தில் அவன் பக்கமே திருப்பிவிடுகிறார். ஒருவர் சொல்லுக்கு மற்றவர் சொல். கர்ப்பமா, யாருடைய பிள்ளை என்ற பயம் நடுவில் கிடக்கிறது. இருவருமே சிறுவர்கள், இருவருமே கடன்வாங்கிய கடுமையில் பேசுகிறார்கள் என்பது குரல்களின் தொனியில்தான் இருக்கிறது, வரிகளில் இல்லை. இன்னும் கேட்டால் கவனம் அந்த வெட்டிய 'ஐ லவ் யூ' மேல் போகும்: இரண்டு பேரின் சண்டைக்கும் நடுவில் நிற்காமல் ஒலிப்பது அது ஒன்றுதான்.

ஆல்பம் முழுக்க இப்படி அடுக்குகள் உண்டு. 'சிட்டின் ஹியர்' பாட்டில் சும்மா உட்கார்ந்து கண்ணை மட்டும் சிமிட்டிக்கொண்டு தெருவைக் கவனிக்கும் ஒருவன். பதின்வயதிலேயே பழைய நாட்களுக்கு ஏங்குகிறான். 'பிராண்ட் நியூ டே'யின் பொம்மைப் பெட்டி போன்ற மெட்டுக்கும் அதன் மேல் கொட்டப்படும் கவலைக்கும் ஒட்டுதலே இல்லை, அந்த ஒட்டாமையால்தான் பாட்டு நிற்கிறது. 'ஃபிக்ஸ் அப், லுக் ஷார்ப்' பில்லி ஸ்கொயரின் 1980ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றின் டிரம்மை எடுத்து, குரலைத் தவிர ஏறக்குறைய வேறெதையும் சேர்க்காமல் விட்டது. வேகம் குறைந்த, உடனே பிடித்துப்போகும் பாட்டு. அதனாலேயே இந்த ஆல்பத்தில் முதலில் அலுப்பதும் அதுதான். கடைசியில் 'டூ இட்!' வாழ்வே வேண்டாம் என்ற எண்ணத்தின் விளிம்பில் நின்று, பிடித்துக்கொள், முடியும் என்று தனக்கே சொல்லிக்கொள்கிறது. முந்தைய 14 பாடல்களின் வீறாப்பையும் இந்த ஒன்று திருத்தி எழுதிவிடுகிறது. இதைக் கேட்டுவிட்டு மறுபடி 'ஸ்டாப் டேட்' போட்டால் அந்தச் சவடாலுக்குள் பயம் கேட்கும்.

குறைகளும் திரும்பக் கேட்கும்போதுதான் துருத்திக்கொண்டு வரும். 'ஜெஸபெல்' ஒரு இளம்பெண்ணின் சரிவைச் சொல்கிறது. இரக்கம் இருக்கிறது, ஆனால் தீர்ப்பு அதைவிட அதிகமாக இருக்கிறது, 'ஐ லவ் யூ'வில் கிடைத்த பதில்குரல் இங்கே யாருக்கும் கிடைக்கவில்லை. மொத்தம் 15 பாடல், ஏறக்குறைய 57 நிமிடம். 'வாட் யூ ஆன்?' தொடங்கி 'லைவ் ஓ' வரை உள்ள பகுதியில் சற்றே தளர்வு உண்டு.

கேட்கும் கருவி இந்த ஒப்பீட்டில் பலர் நினைப்பதைவிடப் பெரிய பங்கு வகிக்கிறது. போன் ஸ்பீக்கர் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. கிரைம் பேஸின் உடம்பு 40 முதல் 80 ஹெர்ட்ஸில் இருக்கிறது. ஆக, போனில் 'பாய் இன் டா கார்னர்' போட்டவருக்குக் கேட்பது கத்தும் ஒரு குரலும் டப்பாச் சத்தமும்தான். இந்த ஆல்பம் எனக்கு ஒத்துவரவில்லை என்று ஒதுக்கியவர்களில் பாதிப்பேர் ஆல்பத்தையே கேட்டிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். காதுக்குள் செருகும் இயர்போன் போதும், விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் சிலிகான் முனை காதுத் துளையை முழுசாக அடைக்க வேண்டும். சிறு இடுக்கு இருந்தாலும் முதலில் காணாமல் போவது பேஸ்தான். ஸ்பீக்கர் என்றால் சுவர் மூலையில் ஒட்டி வைக்கக் கூடாது. மூலை பேஸை ஊதிப் பெரிதாக்கி, டிஸ்ஸி கவனமாக விட்டுவைத்த இடைவெளிகளை நிரப்பிவிடும். ஈக்வலைசரில் பேஸ் பூஸ்ட் போடுவதும் அதே கெடுதலைத்தான் செய்யும். ஸ்ட்ரீட்ஸ் ஆல்பத்துக்கு இந்தக் கவலை வேண்டாம். மனிதக் குரலின் நடு அலைவரிசையில் வாழ்வது அது. பஸ்ஸில், சமையலறையில், பழைய காரில், எங்கே வேண்டுமானாலும் புரியும்.

இரண்டுக்கும் பொதுவாகச் செய்ய வேண்டியது: ஷஃபிளை அணைப்பது, பாட்டுக்குப் பாட்டு உருகி இணையும் கிராஸ்ஃபேடை அணைப்பது, வசை வெட்டிய பதிப்பு கிடைத்தால் தவிர்ப்பது. 'டிரை யுவர் ஐஸ்' தனியாகக் கேட்டுப் பழகியவர்கள் ஸ்ட்ரீட்ஸ் ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து வரிசையாகப் போட வேண்டும். பத்தாவது பாட்டான அது, ஒன்பது பாட்டின் பாரத்தோடு வந்தால்தான் வேலை செய்யும். பாடல் வரிகளை முன்கூட்டிப் படிக்க வேண்டாம், கதை அவிழ்ந்துவிடும். ஒரு முறை முழுசாகக் கேட்டுவிட்டு, ஒரு வாரத்துக்குள் இரண்டாவது முறை கேளுங்கள். விவரங்கள் நினைவில் இருக்கும்போதுதான் விதைகள் கண்ணில் படும்.

டிஸ்ஸிக்கு வேறு முறை. முழு ஆல்பத்தை ஒரே மூச்சில் எடுக்க வேண்டாம். முதல் மூன்று பாடல்களை மட்டும் அடுத்தடுத்து இரண்டு சுற்று. முதல் சுற்றில் வார்த்தைகளைத் துரத்தாமல் பேஸை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாவதில் 70க்குத் தாளம் போட்டுக்கொண்டு குரல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். அதன் பிறகு வரிகளைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். இணையத்தில் கிடைக்கும் வரிப் பிரதிகளில் பிழைகள் நிறைய, போ பகுதிக் கொச்சையைப் பலரும் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார்கள். குரலுக்கும் எழுத்துக்கும் முரண் வந்தால் குரலை நம்புங்கள்.

ஸ்கின்னர் பிடித்துப்போனவர்கள் அடுத்து 'ஒரிஜினல் பைரேட் மெட்டீரியல்' பக்கம் போகலாம். லண்டனின் பிரிக்ஸ்டன் பகுதியில் ஒரு வீட்டு அறையில், அலமாரியைக் குரல்பதிவு அறையாக்கிச் செய்த ஆல்பம். கதை இல்லாததாலேயே அது 'எ கிராண்ட்'டைவிட அதிக முறை தாங்கும் என்பது என் கணிப்பு. டிஸ்ஸி பக்கம் சாய்ந்தவர்களுக்கு, அவரோடு ரோல் டீப் என்ற கிரைம் குழுவில் இருந்த மூத்தவர் வைலியின் 'ட்ரெடின் ஆன் தின் ஐஸ்' இருக்கிறது, 2004இல் அதே எக்ஸ்எல் வெளியிட்டது. 2003 கோடையில் சைப்ரஸின் ஐயா நாபாவில் டிஸ்ஸி கத்தியால் குத்தப்பட்ட சம்பவத்துக்குப் பிறகு இருவருக்கும் நடுவில் விரிசல் விழுந்தது. வைலியின் ஆல்பத்தைக் கேட்டுவிட்டு வந்து, 'பாய் இன் டா கார்ன'ரின் ஐந்தாவது பாட்டான '2 ஃபார்' போட்டுப் பாருங்கள். இருவரும் சேர்ந்து பாடியது அது. யார் யாருக்கு இடம்விடுகிறார், யார் யாரை முந்தப் பார்க்கிறார் என்று இந்த முறை கேட்கும்.